மாரிக்கு முன் தோட்டத்துக்கு மறுவழி தேடுவது எப்படி

ஆவணி கடைசியில், கோடைப் பயிர் முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு தோட்டத்து வரம்பில் போய் இருங்கள். ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: எது வராமல் போனால் இந்தத் தோட்டம் நின்றுபோகும்?

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் யார் எழுதினாலும் விடைகள் அநேகமாக ஒன்றுதான். கிணற்றுத் தண்ணீர். விதை வெங்காயம். யூரியா. மோட்டருக்குக் கறன்ட் அல்லது மண்ணெண்ணெய். சந்தைக்குக் கொண்டுபோகும் வாகனம். வாங்க வரும் வியாபாரி. இனி ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது இல்லாத வாரத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் வரிகள்தான் மாரிக்கு முன் நீங்கள் செய்து முடிக்கவேண்டிய வேலை.

நான் நீர்வேலியில் ஆறு பரப்புக் காணியில் (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) வெங்காயமும் மரக்கறியும் வாழையும் செய்கிறவள். எங்கள் பகுதிக் கமக்காரர் அமைப்பின் கணக்குக் கொப்பிகளும் என்னிடம்தான் இருக்கின்றன. காலநிலை மாற்றம் என்று கூட்டங்களில் பேசும்போது பெரிய விஷயமாகத் தெரிகிறது. தோட்டத்துக்கு அது வந்து சேரும் விதம் எளிமையானது: வரவேண்டியது வராது, போகவேண்டியது போகாது. 2006 ஓகஸ்டில், போர்க்காலத்தில், தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடப்பட்டபோது அதுதான் நடந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள், அந்த இடைவெளியிலும் அதுதான். 2022இல் எரிபொருள் வரிசை. 2008 நவம்பரில் நிஷாப் புயல், 2020 டிசம்பரில் புரவிப் புயல், 2024 நவம்பர் கடைசியில் பெங்கால் புயலோடு வந்த பெருமழை, 2025 நவம்பரில் டித்வாப் புயல். காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும், ஒரு வழியை மட்டும் நம்பியிருந்தவர்கள்தான் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக இழந்தார்கள். ஆகவே புயலை எதிர்பார்த்து ஆயத்தம் செய்கிற அதே கையோடு மற்றத் தடைகளுக்கும் ஆயத்தம் செய்யலாம் என்பது என் துணிபு.

கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு கூட மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்துவிடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்வது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது. அதை மற்ற மாதங்களில் இறைத்துச் சீவிக்கிறோம். அந்த நன்னீர் அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. கணக்கை மறுபக்கமாகப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவிடும். பக்கத்து நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே மேலே நன்னீரும் ஆழத்தில் சவர்நீரும் இருப்பதாகச் சொல்லுவார்கள். எங்கள் வீட்டுக் கிணறுகளுக்குக் கீழேயும் கிடப்பது அதுதான்.

போன வருடம் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற நாட்களில், எங்கள் பங்குக் கிணற்றில் முறை இறைக்கிற ஒரு பெடியன் கேட்டான்: "அக்கா, கிணத்தில தண்ணி கிடக்குத்தானே, பிறகேன் நிப்பாட்டச் சொல்லுறியள்?"

"தம்பி, கிடக்கிறது எந்தத் தண்ணி எண்டு முதல் பார்" என்று சொல்லி, அளக்கிற கயிற்றை அவனிடம் கொடுத்தேன்.

அந்தக் கயிறு செய்வது சுலபம். நைலோன் கயிற்றின் நுனியில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டுங்கள். அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்து அடிக்கு ஒரு சிவப்புத் துணி. கிணற்றுக் கட்டில் ஒரே இடத்தில் ஒரு கீறு போட்டு, அங்கிருந்துதான் எப்போதும் இறக்கவேண்டும். இரும்பு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கட்டில் படும் முடிச்சைப் பிடித்து எண்ணுங்கள். காலையில் இறைக்க முன் ஒரு அளவு, இறைத்து முடிந்ததும் ஒரு அளவு, பின்னேரம் ஒரு அளவு. மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். பின்னேரத்துக்குள் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறிவந்தால் நல்லது. ஏறாமல் நின்றால் அன்றைய இறைப்பு அந்தக் கிணற்றுக்குக் கூடிப்போயிற்று. அப்போது மோட்டரை நீளமாக ஓடவிடாமல், காலையும் மாலையுமாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். பெரிய குதிரைவலு மோட்டர் பூட்டி ஒரே மூச்சில் இழுப்பதுதான் உப்பை மேலே கூப்பிடுவது.

உப்பை நாக்கால் பார்ப்பது போதாது. நாக்குக்குத் தெரிய முன்பே பயிருக்குத் தெரிந்துவிடும். மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்புக் கூடினால் இதுவும் கூடும்) பார்க்கும் சிறிய கருவி ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். வெங்காயத்துக்குத் தண்ணீரின் கடத்துதிறன் மீற்றருக்கு 0.8 டெசிசீமன்சை (dS/m) தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். போஞ்சிக்கும் கரட்டுக்கும் 0.7. மிளகாய்க்கு 1.0, கோவாவுக்கு 1.2, தக்காளிக்கு 1.7. பீற்றூட் 2.7 வரைக்கும் தாங்கும். இந்த எண்களை ஒரு மட்டையில் எழுதிக் கிணற்றடியில் தொங்கவிட்டிருக்கிறோம். சித்திரையில் அளவு ஏறிய கிணற்றுக்குக் கீழே போஞ்சி போடுவதில்லை, பீற்றூட் போடுகிறோம். தண்ணீர் மாறும்போது பயிரை மாற்ற முடிகிறதே, அதுதான் தண்ணீருக்கு மறுவழி.

இறைப்பைக் குறைக்க நிலத்தை மூடுங்கள். வைக்கோல், காய்ந்த வாழைச் சருகு, கிளிசறியாக் குழை, எது கிடைத்தாலும் சரி. வாழை வரிசைகளுக்கு நடுவே கான் (சிறு வாய்க்கால்) வெட்டித் தேங்காய்ப் பொச்சுமட்டையை நார்ப்பக்கம் மேலே இருக்க அடுக்கிப் புதைப்பது எங்கள் தாத்தாமார் செய்த வேலை. மாரித் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மாசி பங்குனியில் கொடுக்கும். தூவல் நீர்ப்பாசனம் வைத்திருப்பவர்கள் சோளகம் வீசும் பகலில் அதைத் திறக்கவேண்டாம். பாதி காற்றோடு போய்விடும். விடியப்புறம் திறவுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மிஞ்சி இறைத்தால் போட்ட யூரியாவும் தண்ணீரோடு கிணற்றுக்குத்தான் இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது போத்தல்பால் குடிக்கிற கைக்குழந்தைகள். தோட்டக் கிணற்றிலேயே குடிநீரும் அள்ளுகிற வீடுகள் வருடத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும்.

வெள்ளம் ஓடும் வழி

கோடைக்குத் தண்ணீர் சேர்க்கிற அதே நிலத்தில்தான் கார்த்திகையில் தண்ணீர் நிற்காமலும் பார்க்கவேண்டும். செம்மண் தண்ணீரைக் கெதியாகக் குடிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வருடக்கணக்காக உழவு இயந்திரத்தால் ஒரே ஆழத்தில் கிண்டிய நிலத்தில், அதற்குக் கீழே ஒரு இறுகிய தட்டு உருவாகியிருக்கும். கம்பி ஒன்றைக் குத்திப் பாருங்கள், முட்டுகிற இடம் கையில் தெரியும். அந்தத் தட்டை உடைக்க ஆழ உழவேண்டும், அல்லது பசளைக்கு விதைக்கிற சணலை (சணப்பு) விதைத்து அதன் வேரை இறங்கவிடவேண்டும்.

மாரிப் பயிருக்குப் பாத்தியைக் கவிழ்த்துப் போடுங்கள். கோடையில் வரம்பு உயர்ந்து பாத்தி தாழ்ந்திருக்கும். மாரியில் பயிர் நிற்கும் மேடை உயர்ந்து, இருபக்கமும் கான் தாழ்ந்திருக்கவேண்டும். கத்தரியும் மிளகாயும் மேட்டில் இருந்தால் இரண்டு நாள் மழைக்கும் தப்பும். பப்பாசியின் அடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அந்த மரம் போய்விடும், ஆகவே அதற்குத் தோட்டத்திலேயே உயர்ந்த மூலையைக் கொடுங்கள்.

உங்கள் காணியில் கான் வெட்டுவது பாதி வேலைதான். தண்ணீர் அடுத்த காணிக்கும், ஒழுங்கைக்கும், குளத்துக்கும் போகவேண்டும். மதில் கட்டியவர்கள் வெள்ளவாய்க்காலுக்கு ஓட்டை விட்டிருக்கிறார்களா, மதகுக்குள் பிளாஸ்ரிக் அடைத்திருக்கிறதா என்று புரட்டாதியிலேயே நடந்து பாருங்கள். அயலவரோடு வெள்ளம் வந்தபிறகு பேசினால் சண்டை, வெயில் காலத்தில் பேசினால் உடன்பாடு. எங்கள் ஒழுங்கையில் ஒரு சிரமதானத்தில் தீர்ந்தது, அதற்கு முந்திய மாரியில் பொலிசுக்குப் போன விஷயம். குளங்கள் தூர்ந்து, அவற்றின் வரத்து வாய்க்கால்கள் வீடுகளாகிப்போனது எனக்கு மிகுந்த மனவருத்தம். குளத்தில் தங்காத தண்ணீர் கடலுக்குப் போகிறது. கோடையில் கிணறு வற்றுவதற்கும் மாரியில் தோட்டம் தாழ்வதற்கும் காரணம் ஒன்றாக இருக்கும் இடம் அதுதான். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வாழைக்கு: புயல் எச்சரிக்கை வந்ததும் முட்டுக்கால் கொடுங்கள். குலை தள்ளாத மரங்களில் கீழ் இலைகளை வெட்டிக் காற்றுப் பிடிப்பைக் குறையுங்கள். முற்றிய குலைகளை அன்றே வெட்டுங்கள். பூவரசும் கிளுவையும் நட்ட உயிர்வேலி தகரவேலியை விட நல்லது. காற்றைச் சல்லடை போல வடிக்கும், குழையும் தரும்.

தென்மராட்சிப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு என்னால் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். உவர் ஏறுகிற வயலுக்கு ஏரி 354 போன்ற உவரைத் தாங்கும் இனம் இருக்கிறது. மழை பிந்திய வருடத்துக்கு இரண்டரை மாதத்தில் முடிகிற பிஜி 250 இருக்கிறது. இரண்டில் எது உங்கள் வயலுக்கு என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டு, விதையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் பேசலாம்.

விதை: ஒரே கூரையின் கீழ் வைக்காதீர்கள்

சின்ன வெங்காயத்துக்கு வெங்காயமே விதை. ஒரு வெள்ளத்தில் விதை வெங்காயம் போனால், அடுத்த போகத்துக்கு வெளியிலிருந்து வரும் விலையில்தான் வாங்கவேண்டும். அப்படி வாங்குவதோடு அவர்களுடைய நோயும் வரும். ஆகவே எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் இதற்குத்தான்.

விதைக்கு எடுப்பதை அறுவடையன்று தீர்மானிக்காதீர்கள். பயிர் நிற்கும்போதே பாத்தி பாத்தியாக நடந்து, இலை சுருண்டு திருகிய இடங்களுக்குத் தடி குத்திவிடுங்கள். தடி குத்திய பாத்தியிலிருந்து விதைக்கு ஒன்றும் எடுக்கக்கூடாது. மற்றதில் தாள் தானாகச் சாய்ந்த பிறகு, மழை இல்லாத நாளில் கிண்டி, தாளோடு நிழலில் உலர்த்துங்கள். கழுத்தை விரலால் நசுக்கிப் பார்த்தால் ஈரம் தெரியக்கூடாது, காகிதம் போலச் சரசரக்கவேண்டும். அப்போதுதான் பிடி கட்டவேண்டும். ஒரு கைக்கு அடங்குகிற அளவே ஒரு பிடி. பெரிதாகக் கட்டினால் நடுவில் வெங்காயம் வேர்க்கும். பிடிகளைச் சோடி சோடியாகத் தடியில் தொங்கவிடுங்கள், ஒன்றில் ஒன்று படாமல். ஓட்டுக்குக் கீழே காற்றோட்டம் வேண்டும், தகரக் கூரையானால் கிடுகு போட்டுச் சூட்டைத் தடுக்கவேண்டும். கிழமைக்கு ஒரு தடவை தடிகளுக்குக் கீழே நடந்து மணந்து பாருங்கள். அழுகல் மணம் வந்தால் அந்தப் பிடியை இறக்கி அவிழ்த்து, மெத்தென்று போனதை எறிந்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

இனிதான் முக்கியமானது. உங்கள் விதை வெங்காயத்தில் மூன்றில் ஒரு பங்கை வேறொரு ஊரில், உயரமான காணியில் இருக்கும் உறவினர் வீட்டில் தொங்கவிடுங்கள். அவர்களுடையதில் ஒரு பங்கை நீங்கள் வையுங்கள். ஒரு சதமும் செலவில்லாத காப்புறுதி இது. நடும்போதும் முழுவதையும் ஒரே கிழமையில் நட்டு முடிக்காதீர்கள். கார்த்திகை மழையின் முன் ஒரு பங்கு, மழை தணிந்து ஒரு பங்கு. முந்தினது தப்பினால் நல்ல விலை கிடைக்கும். தப்பாவிட்டால் பிந்தினது இருக்கும்.

வெங்காயத்தின் உண்மை விதை, அதாவது பூவிலிருந்து எடுக்கும் கறுப்பு விதை, இன்னொரு மறுவழி. ஒரு போத்தலுக்குள் ஒரு தோட்டத்தின் விதை அடங்கிவிடும். ஆனால் முளைதிறன் கெதியாகக் குறைகிற விதை அது. வருடம் தாண்டினால் நம்பாதீர்கள்.

கத்தரி, மிளகாய், பயிற்றை, பூசணி விதைகளுக்கு ஒரு பொது விதி: விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறையக் குறைய அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். வெப்பம் ஐந்து பாகை குறைந்தாலும் அப்படித்தான். ஆகவே நன்றாகக் காயவையுங்கள், வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போத்தலின் அடியில் போடுங்கள், மேலே விதை, இறுக்கிய மூடி, வீட்டில் குளிர்ந்த அறை. திருநெல்வேலி ஊதாக் கத்தரி போல ஊருக்குப் பழகிய இனங்களை எப்போதும் இரண்டு வீட்டில் வையுங்கள். போட முன் இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி முளைக்கவிட்டு எண்ணிப் பாருங்கள். நாற்றுமேடையும் ஒன்று போதாது. பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு, அதில் ஒன்று நிலத்தில் அல்லாமல் வாங்கு ஒன்றின் மேல் தட்டுகளில்.

பசளையும் எரிபொருளும்

2021இல் தப்பியவர்கள் அதற்கு முன்பே மாட்டெருவும் குழையும் பழக்கத்தில் வைத்திருந்தவர்கள். ஒரே நாளில் யூரியாவை நிறுத்திவிட்டு எருவில் செய்வது முடியாத காரியம், அந்த வருடம் நாடு முழுவதும் அதைப் பார்த்தது. வருடா வருடம் ஒரு பகுதியை மாற்றுங்கள்: பயிரில்லாத மாதத்தில் சணல் விதைத்துப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுவது, ஆட்டுப் பட்டி அடைப்பது, வேலிக் கிளிசறியாவை வெட்டிப் புதைப்பது. மண் பழகிய பிறகு யூரியா பிந்தினாலும் பயிர் காத்திருக்கும்.

இறைப்புக்கு: கறன்ட் மோட்டர் வைத்திருப்பவருக்கு மண்ணெண்ணெய் மெசின் வைத்திருக்கும் ஒருவர் அயலில் வேண்டும், முன்கூட்டியே பேசியிருக்கவேண்டும். சூரிய மின்தகடு பூட்டியவர்கள் புயல் எச்சரிக்கையில் அதைக் கழற்றி இறக்கத் தெரிந்திருக்கவேண்டும். கையால் இறைக்கும் துலா நிற்கிற கிணறு இருந்தால் அந்தத் துலாவை வெட்டி விறகாக்காதீர்கள், நாற்றுக்கு ஊற்ற அது போதும்.

விற்பதற்கு மூன்று வாசல்

ஒரு சந்தையையும் ஒரு வியாபாரியையும் மட்டும் நம்பினால், விலையை அவர்தான் சொல்லுவார். சந்தையில் நிறையில் பத்துக்கு ஒரு கிலோ கழிவு என்று கழிப்பார்கள், கேட்டால் "விருப்பமெண்டா தாங்கோ" என்பார்கள். எங்கள் அமைப்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சொந்தத் தராசு வாங்கினோம். தோட்டத்திலேயே நிறுத்து, தரம் பிரித்து, எழுதிக் கையொப்பம் வைத்துத்தான் வாகனத்தில் ஏற்றுகிறோம். கழிவு முழுவதும் நிற்கவில்லை, ஆனால் எங்களோடு பேசுகிற தொனி மாறியது.

உங்கள் விளைச்சலை மூன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பக்கத்துச் சந்தைக்கு: திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் என்று எது கிட்டவோ அது. ஒரு பங்கு தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ போகும் லொறிக்கு. ஒரு பங்கு நேரடி வாடிக்கைக்கு: விடுதிகள், சமையல்காரர், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் குடும்பங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊரே மரக்கறிச் சாப்பாடு, அன்னதான மடங்களும் இருக்கின்றன. அந்த நாட்களுக்கு அறுவடை வரும்படி விதைக்கிற நாளைப் பின்னோக்கி எண்ணிப் போடுங்கள். டித்வா நேரம் தெற்கே பாதைகள் துண்டிக்கப்பட்டதும் மலைநாட்டு மரக்கறி வரவில்லை. அப்படியான நாட்களில் ஊர் மரக்கறியைத் தேடி வருகிறவர்களின் தொலைபேசி இலக்கங்களை மழை விட்ட பிறகும் கொப்பியில் வைத்திருங்கள்.

விற்காமல் மிஞ்சுவதற்கும் வழி வேண்டும். பாகற்காயும் மிளகாயும் வற்றலாகவும் மோர்மிளகாயாகவும் போகும். வேப்பம்பூ வடகத்துக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் எப்போதும் கேட்பார்கள். பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் காய்ந்து இறுகிவிட்டால் அடுத்த மாரி வரைக்கும் கிடக்கும், கடைகள் பூட்டிய நாளில் அதை இடித்த மாவில் கூழ் காய்ச்சலாம். வீட்டு மூலையில் இராசவள்ளியும் கரணையும் நட்டு விடுங்கள். இவற்றை வருமானமாக எண்ணவேண்டாம். வீட்டில் சாப்பாடு இருக்கிறது என்ற துணிவு இருந்தால்தான் கையில் இருக்கும் வெங்காயத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுக்காமல் ஒரு கிழமை பொறுக்கலாம்.

வெள்ளம் வடிந்த முதல் நாட்கள்

சேற்றுக்குள் இறங்கி மிதிக்காதீர்கள், வேர் மூச்சுவிட இடமில்லாமல் போகும். கான்களை மட்டும் வெட்டித் திறவுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு மெல்லக் கொத்திவிடுங்கள். யூரியாவைப் பயிர் புதுத் தளிர் காட்டிய பிறகு, குறைந்த அளவில் பிரித்துப் போடுங்கள். விழுந்த கத்தரியையும் மிளகாயையும் வெட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள், தோட்டத்திலேயே அழுகவிடவேண்டாம்.

கடல்நீர் புகுந்த கிணறாக இருந்தால் மோட்டர் போட்டு அடியோடு இறைத்துக் காலியாக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளில் அப்படி இறைத்த இடங்களில் கீழேயிருந்து இன்னும் உப்பு ஏறிவந்தது. கொஞ்சமாக எடுத்து, அளந்து, மழைநீர் அதைத் தள்ள விடவேண்டும். குடிக்கிற கிணறானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் குளோரின் போடுங்கள்.

எதையும் துப்புரவாக்க முன் படம் எடுங்கள். காணியின் நாலு மூலையும், தண்ணீர் நின்ற அடையாளமும், பயிரும் தெரியவேண்டும். பரப்பு எவ்வளவு, என்ன பயிர், எப்போது நட்டது என்பது உங்கள் கொப்பியில் ஏற்கனவே இருக்கும். அதன் பிரதி ஒன்றோடு முதல் கிழமைக்குள் கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் பதிவு செய்யுங்கள். பதிந்ததற்கு ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.